மதரஸாவில் அறிவியல்: மதுரைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். மாலையில் எங்கள் மஹல்லா மதரஸாவில், ஓதிக் கொடுக்கிற ஹஜ்ரத்தோடு சேர்ந்து, பெரிய பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு எடுக்கிறோம். ஓதுவதும் அறிவியலும் ஒரே வகுப்பிலா என்று காஜிமார் தெரு, நெல்பேட்டை, மகபூப்பாளையம், வில்லாபுரம் என்று பல பக்கத்திலிருந்தும் பெற்றோர் விசாரிக்கிறார்கள். வெளியூர் ஜமாஅத் நிர்வாகிகளும் கேட்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதற்கான பதில்கள் இவை.

மார்க்கத்தையும் அறிவியலையும் இணைப்பது என்றால் வகுப்பில் என்னதான் செய்கிறீர்கள்?

நம் பிள்ளை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிற அமல்களை எடுத்துக்கொள்கிறோம். தொழுகை நேரத்தைச் சூரியன் சொல்கிறது. நோன்பும் பெருநாளும் பிறையால் வருகின்றன. தொழும்போது முகம் திருப்பும் மக்காவின் திசையான கிப்லாவைக் கண்டுபிடிக்கப் பூமியின் வடிவம் தெரிய வேண்டும். ஜகாத்துக்கும் சொத்துப் பங்கீட்டுக்கும் பின்னக் கணக்கு வேண்டும். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் உளூவுக்குத் தண்ணீர் வேண்டும், அந்தத் தண்ணீர் மதுரையில் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். இந்த இடங்களிலெல்லாம் பிள்ளையை நிறுத்தி, "நீயே பார், அளந்து எழுது, ஏன் இப்படி வருகிறது என்று யோசி" என்கிறோம். வசனத்தையும் ஹதீஸையும் சட்டத்தையும் ஹஜ்ரத் சொல்வார். அளவையும் கணக்கையும் நான் பார்த்துக்கொள்வேன்.

ஒரு பாடம் எப்படிப் போகும்? உதாரணம் சொல்லுங்கள்.

நிழல் பாடத்தைச் சொல்கிறேன், எங்களுக்கு மிகவும் பிடித்த பாடம் அது. முதலில் ஹஜ்ரத் அல்ஃபுர்கான் சூராவின் 45ஆம் வசனத்தை ஓதுவார். உன் இறைவன் நிழலை எப்படி நீட்டுகிறான் என்று நீ பார்க்கவில்லையா, அவன் நாடியிருந்தால் அதை அப்படியே நிற்க வைத்திருப்பான், சூரியனை அதற்கு வழிகாட்டியாக ஆக்கினோம் என்பது அதன் கருத்து. அப்புறம் எல்லோரும் மொட்டை மாடிக்குப் போவோம்.

ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பி. தூக்குக்குண்டு பிடித்து நேராக நட்டு, கீழே சாக்பீஸால் நிழலின் நுனியைக் குறித்துக்கொண்டே வர வேண்டும். விடுமுறை நாள் பகல் 11.30க்குத் தொடங்கி 1 மணி வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி. நிழல் குறுகிக்கொண்டே வந்து, ஒரு இடத்தில் நின்று, மறுபடி நீள ஆரம்பிக்கும். அந்தத் திருப்பம்தான் உச்சி. அது கழிந்ததும் லுஹர், அதாவது நண்பகல் தொழுகையின் நேரம், வந்துவிட்டது. இதைப் பார்க்கிற பிள்ளைகள் முதலில் கேட்பது: "கடிகாரத்தில் 12 தாண்டிவிட்டதே, சூரியன் ஏன் லேட்?"

இங்கேதான் பாடம் தொடங்குகிறது. இந்திய நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. மதுரை 78.1 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று பெருக்கினால், நமக்கு உச்சி 17, 18 நிமிடம் தள்ளித்தான் வரும். ஆனால் வருடம் முழுக்க அதே 12.17 வருவதில்லை. நவம்பர் தொடக்கத்தில் 12.01 வாக்கில் வந்துவிடும், பிப்ரவரி நடுவில் 12.32 ஆகிவிடும். பூமியின் பாதை சரியான வட்டமாக இல்லாததும், அதன் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதும் சேர்ந்து செய்கிற வேலை இது. பள்ளிவாசல் சுவரில் தொங்குகிற தொழுகை நேர அட்டவணையில் லுஹர் நேரம் ஏன் மாதத்துக்கு மாதம் நகர்கிறது என்று அதுவரை யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. அன்றிலிருந்து அந்த அட்டவணையை நின்று படிக்கிறார்கள்.

நிழலின் நீளமும் மாறும். டிசம்பர் கடைசியில் உச்சி நேரத்தில் ஒரு மீட்டர் கம்பிக்கு 66 சென்டிமீட்டர் நிழல் வடக்கே விழும். ஜூன் கடைசியில் 24 சென்டிமீட்டர், அதுவும் தெற்கே. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் ஓரிரு நாள் நிழலே இருக்காது, சூரியன் நேர் தலைக்கு மேல். அந்த நாளுக்காகப் பிள்ளைகள் காத்துக் கிடப்பார்கள்.

இதே கம்பியில் மாலைத் தொழுகையான அஸரும் வந்துவிடும். உச்சி நேரத்து நிழலைக் கழித்துவிட்டு, கம்பியின் நீளம் அளவுக்கு நிழல் நீண்டதும் ஷாஃபிஈ மத்ஹப் என்ற சட்ட வழியின்படி அஸர் நேரம். இமாம் அபூ ஹனீஃபாவின் பிரபலமான கருத்துப்படி இரண்டு மடங்கு நீள வேண்டும். மதுரையில் பெரும்பாலான குடும்பங்கள் அவர் வழியான ஹனஃபி. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் சம்பந்தம் செய்த வீடுகளில் ஷாஃபிஈயும் உண்டு. "நன்னா வீட்டில் மட்டும் அஸர் பாங்கு ஏன் ஒரு மணி நேரம் முன்னாலேயே சொல்கிறார்கள்?" என்ற கேள்விக்கு ஒரே கம்பியில், ஒரே மாலையில் விடை கிடைக்கிறது. இரண்டு பேர் அளந்ததும் அதே நிழல்தான் என்று கண்ணால் பார்த்த பிள்ளை, மத்ஹபை வைத்துச் சண்டை போடாது.

குர்ஆனில் எல்லா அறிவியலும் 1400 வருடத்துக்கு முன்பே சொல்லப்பட்டிருக்கிறது என்கிறார்களே, அதைத்தானே சொல்லிக்கொடுக்க வேண்டும்?

இல்லை. இதில் நானும் ஹஜ்ரத்தும் ஒரே முடிவில் இருக்கிறோம். எங்களிடம் அதிகம் கோபித்துக்கொள்கிறவர்களும் இந்தப் பதிலைக் கேட்டுத்தான் கோபிக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1976இல் ஒரு பிரெஞ்சு மருத்துவரின் நூல் வெளிவந்த பிறகு, ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு நவீனக் கண்டுபிடிப்பைப் பொருத்துகிற பழக்கம் உலகம் முழுக்கப் பரவியது. பெருவெடிப்பு, கரு வளர்ச்சி, மலைகளின் வேர், ஒளியின் வேகம் வரை பொருத்திவிட்டார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் தினமும் வருகிறது. கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் அறிவியல் கொள்கை திருத்தப்படக்கூடியது, திருத்தப்படுவதுதான் அதன் பலம். பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை, அது எப்போதும் ஒரே மாதிரி இருக்கிறது என்ற கொள்கையைப் பெரிய விஞ்ஞானிகள் 1960கள் வரை பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1965இல் விண்வெளியின் பின்னணிக் கதிர்வீச்சு கண்டறியப்பட்ட பிறகுதான் அது ஓரங்கட்டப்பட்டது. 1950இல் யாராவது ஒரு வசனத்தை அந்தக் கொள்கையோடு ஒட்டியிருந்தால் 1965இல் அந்த வசனத்தின் கதி என்ன? அல்லாஹ்வின் வார்த்தையை அவ்வளவு நிலையில்லாத ஒன்றின் மேல் உட்கார வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. இந்தப் பொருத்தங்கள் எல்லாம் கண்டுபிடிப்பு வெளிவந்த பிறகே வருகின்றன. யாரோ இரவு பகலாக உழைத்துக் கண்டுபிடித்ததைப் பார்த்துவிட்டு, "எங்களிடம் முன்னாடியே இருக்கிறது" என்று சொல்லிப் பழகிய பிள்ளை, தானாக எதையும் தேடாது. குர்ஆன் நம்மிடம் கேட்பதோ தேடலை: வானங்களையும் பூமியையும் படைத்ததில் சிந்திப்பவர்களைப் புகழ்கிறது (ஆல இம்ரான் 190, 191), ஆண்டுகளின் எண்ணிக்கையையும் கணக்கையும் அறிவதற்காகச் சந்திரனுக்குப் படித்தரங்களை அமைத்ததாகச் சொல்கிறது (யூனுஸ் 5).

இது நாங்கள் புதிதாகச் சொல்வதும் இல்லை. 14ஆம் நூற்றாண்டில் அந்தலூசியாவில் (முஸ்லிம் ஆட்சியில் இருந்த ஸ்பெயினில்) வாழ்ந்த இமாம் ஷாத்திபீ, எல்லாக் கலைகளையும் குர்ஆனுக்குள் ஏற்றிப் படிப்பதை அன்றைக்கே ஆட்சேபித்தார்.

மேடைகளில் அடிக்கடி கேட்கிற "சீனா சென்றாவது கல்வி தேடுங்கள்" என்பதையும் நாங்கள் ஹதீஸாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. ஹதீஸ் கலை அறிஞர்கள் அதன் அறிவிப்பாளர் தொடரை ஏற்கவில்லை. கல்வி தேடுவது ஒவ்வொரு முஸ்லிமின் மீதும் கடமை என்ற இப்னு மாஜா ஹதீஸ் தொகுப்பில் உள்ள அறிவிப்பே போதும். யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், அவருடைய நினைவாற்றல் எப்படி என்று தொடரை அலசிப் பார்க்கிற அந்தக் கறார்த்தனம்தான் ஆய்வுக்கூடத்திலும் வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதுவே நல்ல வாய்ப்பு.

இது வெளிநாட்டிலிருந்து வந்த புது யோசனையா?

பெயர் புதிது, காரியம் பழையது. 18ஆம் நூற்றாண்டில் லக்னோவின் ஃபரங்கி மஹலில் முல்லா நிஜாமுத்தீன் வகுத்த பாடத்திட்டம்தான் இந்திய மதரஸாக்கள் பலவற்றுக்கு அடிப்படை. அதில் தர்க்கமும் யூக்ளிடின் வடிவியலும் வானியலும் இருந்தன. அதற்கும் முன்னால், 14ஆம் நூற்றாண்டில், டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிப்பதற்கென்றே சம்பளத்துக்கு இருந்தவர் இப்னு ஷாத்திர். சந்திரனின் ஓட்டத்துக்கு அவர் வகுத்த கணித மாதிரி, பிற்பாடு கோப்பர்நிக்கஸ் பயன்படுத்திய மாதிரியோடு ஒத்துப்போகிறது. இமாம் கஸ்ஸாலி மருத்துவத்தையும் கணக்கையும் ஃபர்ளு கிஃபாயா என்ற சமூகக் கடமையில் சேர்த்தார். ஊரில் யாருமே அவற்றைக் கற்காவிட்டால் ஊர் முழுவதுக்கும் பாவம். எல்லோரும் பிக்ஹு எனும் மார்க்கச் சட்டம் படிக்க ஓடுகிறார்கள், பல ஊர்களில் முஸ்லிம் மருத்துவரே இல்லை என்று அவர் வருத்தப்பட்டு எழுதியது 900 வருடத்துக்கும் முன்னால்.

வேலைக்கு ஸ்கூல், மறுமைக்கு மதரஸா என்ற பிரிவு காலனி ஆட்சிக் காலத்தில் இறுகிப்போனது. அதைச் சரிசெய்யும் முயற்சிகளில் 1977இல் மக்காவில் நடந்த முஸ்லிம் கல்வி மாநாடு முக்கியமானது. அதன் பிறகு இஸ்மாயீல் ராஜி அல்ஃபாரூக்கி போன்றோர் "அறிவை இஸ்லாமியமாக்கல்" என்று பேசினார்கள். அந்தப் பேச்சு மாநாட்டு மேடைகளில் ஓங்கி ஒலித்த அளவுக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டுக்குள் இறங்கவில்லை என்பது என் கருத்து. இந்தோனேசியாவில் 2002 முதல் அரசு இஸ்லாமிய உயர்கல்வி நிறுவனங்களை முழுப் பல்கலைக்கழகங்களாக மாற்றி, மருத்துவமும் அறிவியலும் அதே வளாகத்தில் நடத்துகிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே, கேரளத்தின் மலப்புறம் செம்மாட்டில், 1986 முதல் தாருல் ஹுதா இரண்டு கல்வியையும் சேர்த்துக் கொடுக்கிறது. நம் பக்கத்தில் உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியும், மதுரை வக்ஃப் வாரியக் கல்லூரியும் சமுதாயம் பொதுக் கல்விக்குக் காட்டிய அக்கறைக்குச் சாட்சி. மாலை மதரஸாவில்தான் இன்னும் அந்த வேலை பாக்கி.

கிப்லா மேற்கு என்றுதானே நாங்கள் படித்தோம்?

தோராயமாக மேற்குதான். சரியாகச் சொன்னால் மதுரையிலிருந்து மக்கா, மேற்கிலிருந்து 22 பாகை வடக்கே சாய்ந்து, சுமார் 4,280 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. சுவரில் மாட்டுகிற தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்து இழுத்தால் 17 பாகைதான் வரும். உலக உருண்டையில் மதுரைக்கும் மக்காவுக்கும் நூலை இறுக்கிப் பிடித்துப் பார்த்தால் 22 வரும். ஏன் இந்த வித்தியாசம் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையை யோசிக்க விட்டுப் பாருங்கள், அந்த ஒரு நூலிலேயே கோள வடிவியல் அவ்வளவும் இருக்கிறது.

செலவே இல்லாத இன்னொரு வழியும் உண்டு. வருடத்தில் இரண்டு முறை சூரியன் கஃபாவுக்கு நேர் மேலே வரும்: மே 27, 28 வாக்கில் நம் நேரம் பிற்பகல் 2.48க்கும், ஜூலை 15, 16 வாக்கில் 2.57க்கும். அந்த நிமிடத்தில் மதுரையில் நின்று சூரியன் இருக்கும் திசையைப் பார்த்தால் அதுதான் கிப்லா. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. கம்பியின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம் என்று எடுத்துக்கொண்டால் போதும்.

ஒரு எச்சரிக்கை. இதை வைத்துக்கொண்டு பழைய பள்ளிவாசலின் கிப்லா தப்பு என்று கிளம்பிவிடக் கூடாது. தொலைவில் இருப்பவர்களுக்குத் திசை பொதுவாகச் சரியாக இருந்தால் போதும் என்பது ஹனஃபி சட்டம். இதை ஹஜ்ரத் முதலிலேயே சொல்லிவிடுவார், பிறகுதான் நூலை எடுப்போம்.

பிறையைக் கணக்கிட்டே சொல்லிவிடலாமே, எதற்கு வருடா வருடம் குழப்பம்?

பெருநாள் என்றைக்கு என்பதை முடிவு செய்வது எங்கள் வகுப்பின் வேலை இல்லை. தலைமை காஜியும் ஜமாஅத்தும் இருக்கிறார்கள். கணக்கு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை மட்டும் சொல்லிக்கொடுக்கிறோம். அமாவாசை நொடியைக் கணக்கு துல்லியமாகச் சொல்லும். மறைகிற சூரியனுக்கு எத்தனை நிமிடம் கழித்து நிலா மறையும் என்பதையும் சொல்லும். மேகமும் தூசியும் இருக்கிற மேற்கு வானத்தில், மொட்டை மாடியில் நிற்கிற ஒருவர் கண்ணுக்கு அந்த மெல்லிய கீற்று தெரியுமா என்பதை அதே உறுதியோடு சொல்லாது. கணக்கே போதும் என்கிற ஆலிம்களும் கண்ணால் பார்க்க வேண்டும் என்கிற ஆலிம்களும் எங்கே பிரிகிறார்கள் என்பது இப்போது பிள்ளைக்குப் புரியும்.

ரமலானுக்கு மட்டும் பிறை பார்க்காமல் எல்லா மாதமும் பார்க்கச் சொல்கிறோம். பிறை மாதம் சராசரியாக 29.53 நாள் என்பதால்தான் 29ம் 30ம் மாறி மாறி வருகின்றன. வருடம் 354 நாள்தான் என்பதால் ரமலான் வருடத்துக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகர்கிறது. சித்திரை வெயிலில் நோன்பு பிடித்த பாட்டியின் பேத்தி ஏன் மார்கழிப் பனியில் பிடிப்பாள் என்று இதை வைத்துக் கணக்குப் போட வைக்கலாம்.

பத்தாம் வகுப்பில் பரிணாமம் வருகிறதே, பிள்ளை குழம்பிவிடாதா?

சமச்சீர்ப் பாடநூலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் பற்றித் தனிப் பாடமே இருக்கிறது. "எழுதி மார்க் வாங்கு, நம்பாதே" என்று சொல்லி அனுப்புகிற வீடுகள் நிறைய. அது பிள்ளையை இரண்டு முகத்தோடு வாழப் பழக்குகிறது, எனக்கு அது பிடிக்காது.

நாங்கள் முதலில் ஆதாரங்களை நேர்மையாகக் காட்டுகிறோம்: புதைபடிவங்கள், உயிரினங்களுக்கு இடையில் மரபணு ஒற்றுமை, ஆன்டிபயாட்டிக் மருந்துக்கு அடங்காமல் மாறிவரும் கிருமிகள். உயிரியலில் இது ஓரத்தில் கிடக்கிற ஊகம் இல்லை, நடு அச்சாணி. அப்புறம் ஹஜ்ரத் முஸ்லிம் அறிஞர்களின் நிலைப்பாடுகளைச் சொல்வார். முழுதாக மறுப்பவர்கள் உண்டு. மற்ற உயிர்களுக்கு ஏற்றுக்கொண்டு ஆதம் (அலை) அவர்களின் படைப்பு மட்டும் தனியான அற்புதம் என்பவர்கள் உண்டு. முழுதாக ஏற்பவர்களும் உண்டு. குர்ஆன் ஆதமைப் பற்றி என்ன சொல்கிறது, மற்ற உயிர்களின் வரலாற்றைப் பற்றி எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது என்று பிரித்துக் காட்டுவார். ஹஜ்ரத் இவற்றில் இரண்டாவது நிலைப்பாட்டில் இருக்கிறார், அதை மறைக்கவும் மாட்டார். ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று 15 வயதுப் பிள்ளையை யாரும் நெருக்குவதில்லை.

மிஃராஜ், ஜின் இதையெல்லாம் அறிவியலால் விளக்குவீர்களா?

மாட்டோம். நபி (ஸல்) அவர்களின் விண்ணேற்றமான மிஃராஜுக்கு ஐன்ஸ்டைனைக் கூப்பிடுவதும், ஜின் ஒரு வகை ஆற்றல் என்று சொல்வதும் இரண்டு பக்கத்துக்கும் அநியாயம். மறைவானவற்றை நம்புவது ஈமானில் உள்ளது. இயற்பியல் அளக்கக்கூடியதைப் பேசுகிறது. அந்தக் கேள்வி வந்தால் நான் வாய் திறப்பதில்லை, ஹஜ்ரத் பதில் சொல்வார்.

முஸ்லிம் விஞ்ஞானிகளின் பொற்காலத்தைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்குப் பெருமை வருமே?

வரும், அளவோடு வரட்டும். இப்னுல் ஹைஸமைத்தான் நாங்கள் விரிவாக எடுக்கிறோம். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் 1040 வாக்கில் இறந்தவர். கண்ணிலிருந்து கதிர் கிளம்பிப் பொருளைத் தொடுகிறது என்ற பழைய கருத்தை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதால்தான் பார்க்கிறோம் என்று சோதனைகளோடு நிறுவினார். மதரஸாவின் ஒரு அறையில் ஜன்னலையெல்லாம் கறுப்புத் துணியால் அடைத்து, ஒரே ஒரு சின்னத் துளை விடுவோம். எதிர்ச் சுவரில் தெரு தலைகீழாகத் தெரியும். ஆட்டோ தலைகீழாக ஓடும், டீக்கடைக்காரர் தலைகீழாக ஆற்றுவார். அப்போது எழுகிற கூச்சலில் பாங்கு சொல்லும் மோதினார் மேலே ஓடி வந்துவிடுவார், அவரும் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் போவார். அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் பாட்டியோடு புரை ஆபரேஷனுக்குப் போய் வராத குடும்பம் மதுரையில் குறைவு, ஆகவே கண்ணில் லென்ஸ் என்ன வேலை செய்கிறது என்ற பேச்சு உடனே தொற்றிக்கொள்ளும்.

அதோடு நிறுத்துவதில்லை. பார்வையை உணர்கிற இடம் லென்ஸ் என்று இப்னுல் ஹைஸம் நினைத்தார், அது தவறு. பிம்பம் விழித்திரையில் விழுகிறது என்று 1604இல் கெப்ளர் காட்டினார். இதையும் சொல்கிறோம். பாக்தாதில் கிரேக்க நூல்களை அரபுக்குக் கொண்டுவந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறிஸ்தவர், அரபுலகம் எடுத்துக்கொண்ட எண்கள் இந்தியாவிலிருந்து போனவை, அல்பீரூனி சமஸ்கிருதம் கற்று நம் நாட்டு வானியலைப் படித்தார் என்பதையும் சொல்கிறோம். "எல்லாவற்றையும் நாமே கண்டுபிடித்தோம்" என்ற பேச்சுக்கு எங்கள் வகுப்பில் இடமில்லை. இந்தப் பெரியவர்கள் யாரிடமிருந்தும் கற்றார்கள், யாரையும் கேள்வி கேட்டார்கள், அதைத்தான் பிள்ளை பிடித்துக்கொள்ள வேண்டும்.

கணக்கில் வீக்கான பையன். அவனுக்கு இதில் என்ன இருக்கிறது?

ஃபராயிளில், அதாவது சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தில், இருக்கிறது. ஒருவர் மனைவி, தாய், ஒரு மகன், ஒரு மகளை விட்டுவிட்டு இறக்கிறார். மனைவிக்கு 1/8, தாய்க்கு 1/6, மீதியில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. மொத்தத்தை 72 ஆக்கினால் 9, 12, 34, 17 என்று பிசிறில்லாமல் பிரியும். அந்த 72 எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மீச்சிறு பொது மடங்கைப் பரீட்சைக்காக மட்டும் படித்த பையன் முதல்முறையாக நிமிர்ந்து உட்காருவான். பெரிய பிள்ளைகளுக்குக் கணவனும் இரண்டு உடன்பிறந்த சகோதரிகளும் உள்ள கணக்கைக் கொடுப்போம். 1/2ம் 2/3ம் கூட்டினால் 7/6, சொத்தைவிடப் பங்கு அதிகம். உமர் (ரலி) காலத்தில் ஏழு பங்காக்கி, கணவனுக்கு மூன்று, சகோதரிகளுக்கு நான்கு என்று தீர்த்தார்கள். 9ஆம் நூற்றாண்டில் அல்குவாரிஸ்மி எழுதிய இயற்கணித நூலிலும் பெரும் பகுதி இப்படிப்பட்ட பங்கீட்டுக் கணக்குகள்தான்.

நோய் வந்தால் ஓதிப் பார்ப்பதா, டாக்டரிடம் போவதா?

இரண்டும். ஆனால் ஓதிப் பார்த்துவிட்டு டாக்டரிடம் போகாமல் இருப்பது மார்க்கம் இல்லை. சிகிச்சை செய்துகொள்ளுங்கள் என்று நபி (ஸல்) சொல்லியிருக்கிறார்கள். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகாதீர்கள், இருக்கிற ஊரில் வந்துவிட்டால் வெளியேறாதீர்கள் என்பது புகாரியில் உள்ள ஹதீஸ். 2020இல் பள்ளிவாசல்கள் மூடப்பட்டபோது வருத்தப்பட்டவர்களுக்கு ஆலிம்கள் இந்த ஹதீஸைத்தான் எடுத்துச் சொன்னார்கள்.

பெண் பிள்ளைகளுக்கும் இதே பாடமா?

அதே பாடம், அதே மாடி, அதே கம்பி.

ஹஜ்ரத்துக்கு அறிவியல் தெரியாது, சயின்ஸ் வாத்தியாருக்கு அரபு தெரியாது. யார் எடுப்பது?

இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்க வேண்டும், வழி அதுதான். ஒருவர் பேசும்போது மற்றவர் மாணவராக உட்கார வேண்டும். பெரியவர்கள் இருவர் ஒருவரிடம் ஒருவர் "எனக்கு இது தெரியாது, நீங்கள் சொல்லுங்கள்" என்று கேட்பதைப் பார்ப்பதே பிள்ளைக்குப் பாதிப் பாடம். எந்த ஜமாஅத்திலும் ஒரு பள்ளி ஆசிரியரோ கல்லூரி மாணவரோ இல்லாமல் போகமாட்டார். கம்பி, டேப், உலக உருண்டை, நூல், நோட்டு இவ்வளவுதான் சாமான். வெளியே கூட்டிப் போவதென்றால் கொடைக்கானலில் 1899இல் நிறுவிய சூரிய ஆய்வகம் இருக்கிறது. சூரியனைப் பார்ப்பதையே வேலையாக வைத்திருக்கிற அந்த இடத்தைத் தொழுகை நேரப் பாடம் முடித்த பிள்ளைகள் பார்க்கும் பார்வையே வேறு.

கிரகணம் வந்தால் வீட்டில் கதவைச் சாத்திக்கொள்கிறோம். என்ன செய்வது சரி?

நபி (ஸல்) அவர்களின் சிறு மகன் இப்ராஹீம் இறந்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. அந்தப் பிள்ளையின் மரணத்துக்காகத்தான் சூரியன் மறைந்தது என்று மக்கள் பேசினார்கள். பிள்ளையை அப்போதுதான் இழந்த தகப்பன். ஆறுதலாக ஏற்றுக்கொண்டிருக்கலாம், குறைந்தது பேசாமலாவது இருந்திருக்கலாம். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், யாருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று மறுத்துவிட்டு, தொழச் சொன்னார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள இந்த ஹதீஸை ஹஜ்ரத் சொல்லி முடிக்கும்போது வகுப்பில் சத்தமே இருக்காது. மார்க்கமும் உண்மையும் எப்படிச் சேர்ந்து நிற்க வேண்டும் என்பதற்கு எங்களிடம் இதைவிடப் பெரிய பாடம் கிடையாது. இமாம் கஸ்ஸாலியும் பிற்பாடு, கிரகணம் பற்றிய கணக்கை மார்க்கத்தின் பெயரால் மறுக்கிறவர் மார்க்கத்துக்கே கெடுதல் செய்கிறார் என்று எழுதினார்.

2019 டிசம்பர் 26 காலையில் திண்டுக்கல், திருச்சி பக்கமெல்லாம் சூரியன் வளையமாகத் தெரிந்தபோது, நம் வீடுகளிலும் கர்ப்பிணிகளை வெளியே விடவில்லை, சோற்றைக் கொட்டினார்கள். அதற்கு மார்க்கத்திலும் ஆதாரம் இல்லை, அறிவியலிலும் இல்லை. கண்ணுக்குப் பாதுகாப்பு மட்டும்தான் முக்கியம்: வெறும் கண்ணாலோ எக்ஸ்ரே ஃபிலிமாலோ கூலிங் கிளாஸாலோ பார்க்கக் கூடாது.

அடுத்து 2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை. அன்று மக்காவில் முழுக் கிரகணம், ஐந்து நிமிட அளவுக்குச் சூரியன் முழுதாக மறையும். மதுரையில் மாலையில் பகுதி கிரகணமாகத் தெரியும். அன்று மாடியில் அட்டைத் துளை வழியே பிம்பம் பார்ப்பது, கீழே கிரகணத் தொழுகை என்று திட்டம் வைத்திருக்கிறோம். அதுபோல் நடத்த விரும்புகிற ஜமாஅத்துகள் கிரகணக் கண்ணாடிக்குச் சில மாதம் முன்பே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் தேடினால் கிடைப்பது கஷ்டம்.